மூன்று டிக்குகளும் கண்டக்டர் குரலும்

மார்ச் 3, செவ்வாய்

காலை முழுவதும் வருகைப் பதிவேட்டோடு மல்லுக்கட்டு. மூன்றாம் வகுப்பு டீச்சர் மறுபடியும் பச்சை மையில் எழுதியிருக்கிறார். நீலம் அல்லது கறுப்பு என்று அட்டையிலேயே ஒட்டி வைத்திருக்கிறேன். இந்தப் பள்ளிக்கூட அலுவலகத்தில் பதினெட்டு வருஷமாக நான் ஒட்டி வைத்ததையெல்லாம் யாராவது படித்திருந்தால் பள்ளி எங்கேயோ போயிருக்கும்.

மத்தியானம் வக்கீல் போன் செய்தாள். இன்னும் வக்கீல் ஆகவில்லை, சட்டப் படிப்பில் கடைசி வருஷம். ஆனால் எங்கள் வாசிப்புக் குழுவில் எல்லாருக்கும் அவள் வக்கீல்தான். பிறவியிலிருந்தே பார்வை கிடையாது. நாங்கள் படித்துப் பதிவு செய்து தரும் புத்தகங்களைக் கேட்டுத்தான் இத்தனை பரீட்சைகளையும் எழுதியிருக்கிறாள்.

"மேடம், சாட்சியச் சட்டம் இன்னும் முழுசா வரலை. நாப்பத்தியொரு பர்சென்ட்ல நிக்குது. ஜனவரியிலேர்ந்து அதே நாப்பத்தியொண்ணு."

நெட் மெதுவாக இருக்கும், வந்துவிடும் என்று சொல்லி வைத்தேன். பரீட்சை ஏப்ரல் இருபது.

வைத்த பிறகுதான் உறைத்தது. என் லேப்டாப்பிலும் அது பாதியில்தானே நிற்கிறது?

மார்ச் 4, புதன்

பட்டியலில் உள்ள பதினேழு பேருக்கும் போன் செய்தேன். வாய் வலிக்கிறது. ஒருவரிடமும் முழுசாக இல்லை. ஒருவரிடம் முப்பத்தெட்டு சதவீதம், ஒருவரிடம் அறுபத்திரண்டு, ஒருவர் "அது என்ன பர்சென்ட்டு, எங்க பாக்கணும்?" என்றார். எல்லாருக்கும் பதில் ஒன்றே: "வந்துட்டே இருக்கு." இரண்டு மாதமாக ஒரு துளி வரவில்லை, வந்துட்டே இருக்காம். நானும் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை.

எங்கள் ஏற்பாடு இதுதான். குழுவுக்கென்று பெரிய கணினி எதுவும் கிடையாது. ஒருவர் பதிவு செய்ததை மற்றவர்கள் துண்டு துண்டாக ஒருவரிடமிருந்து ஒருவர் வாங்கிக்கொள்கிற மென்பொருள்தான் எல்லாருடைய கணினியிலும் இருக்கிறது. யாரிடம் எது இருக்கிறது என்று சொல்வதற்கு மட்டும் குழு அறையில் ஒரு விலாசக் கணினி வைத்திருந்தோம். ஜனவரியில் அது புகை விட்டுப் படுத்தது. அதன் பிறகு புதிய பதிவுகளைப் பென்டிரைவில் கைமாற்றிக்கொண்டிருக்கிறோம். அது படுத்ததால் பழையது எதுவும் போய்ச் சேராது என்று எனக்குத் தோன்றவே இல்லை. செயலாளர் என்று பெயர் மட்டும் பெரிதாக.

மார்ச் 5, வியாழன்

கண்டக்டரின் மகளிடம் பேசினேன். சாட்சியச் சட்டம் அவர் படித்தது. பஸ்ஸில் முப்பது வருஷம் கூவிய தொண்டை, பணி ஓய்வுக்குப் பிறகு எங்களிடம் வந்து சேர்ந்தது. முப்பத்தியொரு மணி நேரப் பதிவு. நாலு மாதம் உட்கார்ந்து படித்தார். டிசம்பரில் தொண்டையில் கட்டி, ஆபரேஷன், இப்போது பேச்சு அறவே இல்லை. கழுத்தில் ஒரு சின்ன நோட்டைக் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு எழுதிக் காட்டுகிறாராம்.

அவருடைய லேப்டாப்பில் இருக்குமே என்று கேட்டேன். மகள் சொன்னாள்: "அவர் ஃபார்மேட் பண்ணிட்டாருங்க. அப்பாவுக்கு இனிமே எதுக்குன்னு..." அவர் என்றால் மருமகன். நல்ல மனிதர்தான். மாமனாருடைய குரல் அதில் இருந்தது என்று அவருக்கு யார் சொன்னார்கள்?

ஆக, மூலம் இல்லை. அவரால் இனி ஒரு வரி படிக்க முடியாது. வேறு யாராவது முதலிலிருந்து படித்தாலும் நாலு மாதம். இருப்பதோ ஆறரை வாரம்.

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் தூக்கம் வராது. பதிவுகளைக் கேட்டுப் பிழை பார்ப்பது என் பொறுப்பு. கண்டக்டர் ஒவ்வொரு அத்தியாயத்தின் முடிவிலும் பழக்கதோஷத்தில், "அவ்வளவுதான். இறங்கறவங்க இறங்கலாம்" என்பார். நவம்பரில் அதுவரை வந்திருந்ததைக் கேட்டுவிட்டு நான் சிவப்பு மையில் எழுதி அனுப்பினேன்: தேவையற்ற சொற்கள், நீக்கவும். "வாய்ல தானா வந்துடுதும்மா, மாத்திப் படிச்சுத் தரேன்" என்றார். மாற்றிப் படிக்கக் குரல் இருக்கவில்லை.

மார்ச் 7, சனி

இவர்தான் சொன்னார்: "மாடியில ஒருத்தி கம்ப்யூட்டர் கம்ப்யூட்டரா குடைஞ்சுகிட்டு இருக்கா. கேட்டுப் பாரேன்."

மாடிக்காரி என் ஓரகத்தி, இவர் தம்பியின் மனைவி. எட்டு வருஷமாக மேல் வீட்டில் இருக்கிறாள். எங்களுக்குள் சண்டை எதுவும் கிடையாது. சண்டை போட்டிருந்தால்கூட நாலு வார்த்தை பேசியிருப்போம். தண்ணீர்த் தொட்டி நிரம்பிவிட்டது என்று அவளுக்குச் சொல்ல வேண்டுமென்றால் நான் இவரிடம் சொல்வேன், இவர் தம்பிக்குப் போன் செய்வார், தம்பி அவளிடம் சொல்வான். அதற்குள் தொட்டி வழிந்து வாசல் ஈரமாகும்.

மருத்துவமனை ஒன்றில் கணினிகளையும் ஒயர்களையும் பார்த்துக்கொள்கிற வேலை அவளுக்கு. சாயங்காலம் வரும்போது முழங்கால் இரண்டிலும் தூசி அப்பியிருக்கும், மேஜைக்கு மேஜை அடியில் நுழைந்து வருகிறாள். எழுத்து அச்சடித்து ஒட்டுகிற சின்ன மெஷின் ஒன்று வைத்திருக்கிறாள். அவள் வீட்டில் உப்பு டப்பாவில் உப்பு என்றும் சர்க்கரை டப்பாவில் சர்க்கரை என்றும் ஒட்டியிருக்கும். அதைப் பார்த்து நான் சிரித்திருக்கிறேன். நானும் ஒட்டி வைக்கிறவள்தானே, அந்தப் பச்சை மை என்னைப் பார்த்துச் சிரிக்கட்டும்.

படியேறிப் போய்க் கேட்டேன். "நீங்களே வந்தீங்களாக்கா" என்று பதறிவிட்டாள். உடனே கீழே வந்தாள். என் மேஜைப் பக்கம் உட்கார இடமில்லை. பழைய கணினி மேல் இஸ்திரி போட்ட துணி, நாற்காலி மேல் இஸ்திரி போடாத துணி. நாற்காலியை மட்டும் காலி செய்து கொடுத்தேன். முக்கால் மணி நேரம் லேப்டாப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். நாளைக்குச் சொல்கிறேன் என்று எழுந்து போனாள்.

மார்ச் 8, ஞாயிறு

சொன்னாள்.

"அக்கா, இந்த சாஃப்ட்வேர்கிட்ட ஒரு புக் வேணும்னா, அது யார்கிட்ட இருக்குன்னு முதல்ல ஆளைத் தேடணும். தேடறதுக்கு நாலு வழி இருக்கு. ஒண்ணு உங்க விலாசக் கம்ப்யூட்டர், அது போயிடுச்சு. மிச்ச மூணு இதோ, இந்த மூணு டிக்."

விரல் வைத்துக் காட்டினாள். முதல் டிக்: ஒரே வை-ஃபையில், பக்கத்தில் இருப்பவர்களைத் தேடு. இரண்டாவது: கிடைத்தவர்களிடம், அவர்களுக்குத் தெரிந்தவர்களைக் கேள். மூன்றாவது: ஊர் உலகம் பூராவும் கேள்.

"மூணுமே எடுத்து வெச்சிருக்கு. எல்லார்கிட்டயும் இப்படித்தான் இருக்கும்ல?"

இப்படித்தான் இருக்கும். யார் எடுக்கச் சொன்னது என்று அவள் கேட்கவில்லை. அவளுக்குத் தெரியும். இரண்டு வருஷத்துக்கு முன் பதிப்பாளரிடம் அனுமதி வாங்கும்போது, உறுப்பினர்களைத் தாண்டி வெளியே போகாது என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அதே வாரம் சுற்றறிக்கை அடித்தேன். மூன்று டிக்கையும் உடனடியாக எடுத்துவிடவும். 'உடனடியாக'வுக்குச் சிவப்பில் அடிக்கோடு. வாசல் கதவைப் பூட்டிவிட்டு மூன்று தடவை இழுத்துப் பார்க்கிறவள் நான். ஒருத்தர் விடாமல் எடுக்க வைத்தேன். எடுத்தாயிற்றா என்று போன் செய்தும் கேட்டேன்.

விலாசக் கணினி இருந்த வரைக்கும் ஓடியது. அது போன நிமிஷத்தில் பதினேழு பேரும் ஆளுக்கொரு மூலையில், கண்ணைக் கட்டி விட்ட மாதிரி. பாதிப் பாதிப் புத்தகத்தை வைத்துக்கொண்டு.

பண்ணினது நான்தான். வேற யாரும் இல்லை. ஒரு பொண்ணோட பரீட்சை, ஒரு மனுஷனோட குரல் — எல்லாத்தையும் சேத்து வெச்சுப் பூட்டிட்டு சாவியையும் தொலைச்சுட்டு நிக்கறேன்.

மார்ச் 9, திங்கள்

மேஜையின் அடி இழுப்பறையில் அந்தச் சுற்றறிக்கையின் ஒரு பிரதி இருந்தது. முதல் டிக்கைச் சுற்றி பென்சிலில் ஒரு சின்ன வட்டம், பக்கத்தில் பொடி எழுத்தில்: "இது மட்டும் இருக்கட்டுமேக்கா." அன்றைக்கு இவர் மாடியில் கொண்டுபோய்க் காட்டி, இவர் மூலமே திரும்பி வந்தது. இவளுக்கு எதற்கு எங்கள் குழு விஷயத்தில் மூக்கை நுழைக்கிற வேலை என்று இழுப்பறையில் போட்டேன். அது நன்றாக ஞாபகம் இருக்கிறது.

மார்ச் 11, புதன்

மனது கேட்காமல் மாடிக்குப் போய்ச் சொல்லிவிட்டேன்: "மூணாவதையும் போட்டுத் தொலை. உலகம் பூரா கேக்கட்டும். எனக்கு அந்தப் பொண்ணுக்குப் புக்கு போய்ச் சேரணும், அவ்வளவுதான்."

அவள் மெதுவாகத்தான் சொன்னாள். "வேண்டாம்க்கா. நீங்க கையெழுத்து போட்டிருக்கீங்க. மூணாவதை எடுக்கச் சொன்னது சரிதான். நானா இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்."

என் மேல் பழி போட அவளுக்கு எட்டு வருஷக் காரணம் இருக்கிறது. இவளோ நான் மறந்த என் கையெழுத்துக்குக் காவல் இருக்கிறாள். படியிறங்கும்போது கண் கலங்கிவிட்டது. எழுதிவைக்கிறேன், மறுக்கப் போவதில்லை.

போவதற்கு முன் திரையில் ஒன்றைக் காட்டினாள். ஒரு நீளப் பட்டை, அதில் நீலக் கோடுகள். என்னிடம் இருக்கும் துண்டுகளாம். வக்கீலின் பட்டையை போனில் வாங்கிப் பக்கத்தில் வைத்தாள். இரண்டும் வேறு வேறு. இந்த மென்பொருள் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து வரிசையாக வாங்குவதில்லையாம். மற்றவர்களிடம் எந்தத் துண்டு குறைவாக இருக்கிறதோ அதைத் தேடி முதலில் வாங்கும். ஒரே பக்கத்தை எல்லாரும் நகலெடுக்காமல் ஆளுக்கொரு பக்கம் எடுத்துவைத்த மாதிரி. நம் மக்கள் என்றைக்காவது யாரும் சொல்லாமல் அப்படிப் பிரித்துக்கொண்டிருக்கிறார்களா? இதை யோசித்து வைத்த மனிதர் யாரோ எவரோ, அவர் கையைப் பிடித்துக் குலுக்க வேண்டும்.

"அப்போ யார்கிட்டயும் முழுசா இல்லாட்டியும்..."

"எல்லார்கிட்டயும் சேத்து இருக்கலாம்க்கா. இருக்கலாம்தான். சேத்துப் பாத்தாதான் தெரியும்."

மார்ச் 12, வியாழன்

திட்டம் அவளுடையது. புது விலாசக் கணினி வைக்கலாம். ஆனால் எல்லாருடைய கணினியிலும் பழைய விலாசம்தான் பதிந்திருக்கிறது, வீடு வீடாகப் போய் மாற்ற வேண்டும். "அதுக்கு அவங்களையே ஒரு ரூமுக்குக் கூட்டிட்டு வந்துடலாமே. எல்லா மெஷினும் ஒரே வை-ஃபைல. முதல் டிக் மட்டும். வெளியில ஒரு துண்டுகூடப் போகாது."

எவ்வளவு எளிது. எவ்வளவு எளிது என்று இரண்டாம் தடவையும் எழுதுகிறேன். மூன்று கதவையும் சேர்த்துப் பூட்டத்தான் எனக்குத் தெரிந்தது, மூன்றையும் சேர்த்துத் திறக்கத்தான் புத்தி போனது. எந்தக் கதவு எங்கே போகிறது என்று அவள் பார்த்தாள்.

பள்ளியின் ஓவிய அறை. ஞாயிறு 22. சாவி என்னிடம்.

மார்ச் 14, சனி

மறுபடி பதினேழு போன். இருவர் மேஜைக் கணினிக்காரர்கள். அதை எப்படித் தூக்கி வருவது என்று கேட்டார்கள். எப்படி வாங்கி வந்தீர்களோ அப்படியே என்றேன்.

மார்ச் 18, புதன்

பள்ளி விட்டதும் ஒத்திகை. இரண்டு லேப்டாப்பைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பள்ளி வை-ஃபையில் சேர்த்து, முதல் டிக் போட்டோம். ஒன்றும் நடக்கவில்லை. ஒரு ஜாண் இடைவெளி. ஒன்றையொன்று தெரியவே தெரியாது என்கின்றன.

மாடிக்காரி எதையோ தட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். "இந்த வை-ஃபைல சேந்தவங்க ஒருத்தரை ஒருத்தர் பாக்கக் கூடாதுன்னு யாரோ போட்டு வெச்சிருக்காங்கக்கா."

யாரோ இல்லை. பெற்றோர் கூட்டத்தன்று வருகிறவர்கள் போனெல்லாம் ஒன்றையொன்று எட்டிப் பார்க்கக் கூடாது என்று நிர்வாகத்துக்குக் கடிதம் கொடுத்தது நான்தான். அதைச் சொன்னேன். இருவரும் சிரித்தோம். சிரித்து முடித்து, நாற்காலியில் உட்கார்ந்து, மறுபடி சிரித்தோம். இவளோடு சேர்ந்து சிரிப்பது இதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன்.

அவள் வீட்டு ரவுட்டரைக் கழற்றி எடுத்து வருகிறாளாம். நெட் ஒயரே வேண்டாம், பெட்டிக்கு மின்சாரம் இருந்தால் போதும், உள்ளுக்குள்ளேயே பேசிக்கொள்ளுமாம்.

மார்ச் 22, ஞாயிறு

நிதானமாக எழுதுகிறேன்.

ஒன்பது மணிக்கு ஓவிய அறை நிறைந்துவிட்டது. நீள மேஜைகளில் பிள்ளைகள் சிந்திய வர்ணம், அதன் மேல் பதினேழு கணினிகள், கூட என் லேப்டாப். மேஜைக் கணினிக்காரர் ஒருவர் மானிட்டரைப் போர்வையில் சுற்றிக் குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு வந்தார். மாடிக்காரி நேற்றே பதினேழு ஒயர்களுக்கும் இரண்டு முனையிலும் எண் ஒட்டி வைத்திருக்கிறாள். பன்னிரண்டாம் எண் வேலை செய்யவில்லை என்று யாரோ சொன்னதும், மேஜைக்கு அடியில் போய் நாலு நொடியில் பன்னிரண்டைப் பிடித்து இழுத்தாள். உப்பு டப்பாவைப் பார்த்துச் சிரித்ததற்கு அங்கேயே மனதுக்குள் மன்னிப்புக் கேட்டேன்.

கண்டக்டரும் வந்திருந்தார், மகளோடு. கழுத்தில் மப்ளர், அதன் மேல் கயிற்றில் நோட்டு. இளைத்திருக்கிறார். என்னைப் பார்த்ததும் எழுதிக் காட்டினார்: "செயலாளரம்மா, லேட்டா வரலையே?" வக்கீல் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். அவரால் பேச முடியாது, அவளுக்கு எழுதியது தெரியாது. மகள் நடுவில் உட்கார்ந்து படித்துச் சொன்னாள்.

ஆரம்பிக்கும் முன் நான் எழுந்து நின்று சொன்னேன். சுற்றறிக்கை என்னுடையது, அதனால்தான் இரண்டு மாதமாக யாருக்கும் வரவில்லை, தப்பு என் மேல். இரண்டு நாளாக மனப்பாடம் செய்து வைத்திருந்தேன்; பாதியில் மறந்துவிட்டது. பின் வரிசையிலிருந்து ஒருவர், "பரவாயில்லைங்க, டிக் எங்க இருக்குன்னு சொல்லுங்க" என்றார்.

மாடிக்காரி ஒவ்வொருவர் பின்னாலும் போய் நின்று முதல் டிக்கைப் போட வைத்தாள். அவளே போடவில்லை, அவரவர் கையால். பத்தே நொடி. என் திரையில் பெயர்கள் முளைக்கத் தொடங்கின. மூன்று, ஏழு, பதினான்கு. இரண்டு மாதமாக அசையாத நாற்பத்து மூன்று, நாற்பத்தாறு ஆனது, ஐம்பத்தைந்து ஆனது. அறையில் கணினிகளின் விசிறிச் சத்தம்தான். வக்கீல் காதில் அவளுடைய மெஷின் எண்களைச் சொல்லிக்கொண்டே வந்தது; அவள் உதடும் கூடவே எண்ணியது. எழுபது. எண்பத்திரண்டு. தொண்ணூறு.

தொண்ணூற்று நாலில் நின்றது.

எல்லாருடையதும், ஒரே நேரத்தில், தொண்ணூற்று நாலில். கால் மணி பொறுத்தோம். அசையவில்லை. "இந்த ரூம்ல இருக்கறது இவ்வளவுதான்க்கா" என்றாள் மாடிக்காரி. பாக்கி ஆறு ஒரே இடத்தில் இல்லையாம். ஒவ்வொரு அத்தியாயத்திலும் வாக்கியத்துக்கு நடுவில் நடுவில் ஓட்டை. அதைத் தைத்து முடிப்பதற்குள் பரீட்சை வந்து போய்விடும்.

பட்டியலை எடுத்துச் சரிபார்த்தேன். பதினேழுக்குப் பதினேழு, யாரும் பாக்கி இல்லை. கண்டக்டர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தவர், நோட்டில் எழுதி நீட்டினார்.

"முதல் ரெண்டு நாள் உங்களுக்கு மட்டும்தானே அனுப்பினேன். பிழை பாக்க."

எனக்கு அனுப்பினார். நவம்பரில். இந்த லேப்டாப் வாங்கியது டிசம்பரில்.

பட்டியல் எழுதியவள் நான். எழுதுகிறவள் தன் பெயரை எதற்கு எழுத வேண்டும் என்று இரண்டு வருஷமாக என் பெயர் அதில் இல்லவே இல்லை. எல்லாரையும் கூப்பிட்டேன். என் வீட்டு மூலையில் இஸ்திரித் துணி சுமந்துகொண்டு நிற்கிற பழைய கணினியைக் கூப்பிடவில்லை.

மாடிக்காரியிடம் சொன்னேன். "வாங்கக்கா" என்று மட்டும் சொன்னாள். அவள் ஸ்கூட்டரில் பறந்தோம். துணியைக் கட்டிலில் கொட்டிவிட்டுப் பெட்டியைத் தூக்கினோம். திரும்பி வரும்போது அவள் முதுகுக்கும் என் வயிற்றுக்கும் நடுவில் அந்தக் கணினி. நான் ஒரு கையால் அதையும் ஒரு கையால் அவள் தோளையும் பிடித்திருந்தேன். வேகத்தடையில் எல்லாம் "பிடிச்சுக்கோங்கக்கா" என்று முன்கூட்டியே சொன்னாள்.

அலுவலகத்து மானிட்டரை மாட்டினோம். பொத்தானை அழுத்தியதும் ஒன்றும் இல்லை. பிறகு ஒரு உறுமல், தூசி நெடி, திரையில் வெளிச்சம். தேதி பல வருஷத்துக்கு முந்தையதைக் காட்டியது. உள்ளே இருக்கும் சின்ன பேட்டரி செத்திருக்குமாம், பரவாயில்லையாம். மென்பொருள் திறந்தது. சாட்சியச் சட்டம், முப்பத்தைந்து சதவீதம். அந்த மூன்று கட்டங்களும், நான் எடுத்தபடியே, காலியாக.

மவுஸை என் பக்கம் நகர்த்தினாள். "நீங்களே போடுங்கக்கா."

போட்டேன்.

தொண்ணூற்று ஐந்து என்று வக்கீல்தான் முதலில் சொன்னாள். அப்புறம் யாரும் எண்ணவில்லை. பட்டைகள் ஒவ்வொரு மேஜையாக முழு நீலமாகிக்கொண்டே போயின. ஒன்பதாம் எண், பதினைந்தாம் எண், வக்கீல், என்னுடையது. நூறு.

எதையாவது போட்டுக் கேட்கலாம் என்றார்கள். வக்கீல் ஏதோ ஒரு அத்தியாயத்தின் கடைசிக்குப் போனாள். அறை முழுக்க அந்தக் குரல், கனமாக, தெளிவாக, ஒவ்வொரு பிரிவு எண்ணையும் அடுத்த நிறுத்தம் மாதிரி அறிவித்துக்கொண்டு. கடைசியில்: "அவ்வளவுதான். இறங்கறவங்க இறங்கலாம்."

அவருடைய மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கண்டக்டர் தலையை ஒரு பக்கம் சாய்த்து, யாரோ புது ஆள் படிப்பதைக் கேட்கிற மாதிரிக் கேட்டார். பிறகு நோட்டில் எழுதி என்னிடம் காட்டினார்: "கொஞ்சம் வேகமா படிச்சிருக்கேன். கடைசி வார்த்தையை நீங்க வெட்டிடலாம்."

அவர் நோட்டையே வாங்கி அவர் எழுதியதற்குக் கீழே எழுதினேன்: வெட்ட மாட்டேன்.

மார்ச் 23, திங்கள்

பழைய கணினியை வீட்டுக்குக் கொண்டுவந்தாயிற்று. ஒன்று நினைவுக்கு வந்து காலையிலிருந்து தலையில் அடித்துக்கொள்கிறேன். வீட்டில் பழைய கணினிக்கும் லேப்டாப்புக்கும் ஒரே வை-ஃபை. முதல் டிக் மட்டும் இருந்திருந்தால், மார்ச் ஏழாம் தேதி அவள் என் நாற்காலியில் உட்கார்ந்தபோதே, துணிக்கு அடியில் இருந்ததை இயக்கியிருந்தால் அந்தப் பாக்கி ஆறும் அன்றைக்கே லேப்டாப்புக்கு வந்திருக்கும். ஒரு கை தூரத்தில் இருந்தது.

அவளிடம் சொன்னேன். "அப்படி நடந்திருந்தா நீங்க என் வண்டியில ஏறியிருப்பீங்களாக்கா?" என்றாள். அவளுக்கு வாய் இருக்கிறது என்று இத்தனை நாள் எனக்குத் தெரியாது.

மார்ச் 29, ஞாயிறு

புது விலாசக் கணினி மாடியில், அவள் மேஜையில். கூடவே புதுச் சுற்றறிக்கை, அதில் புது விலாசமும். எழுதியது நான், திருத்தியது அவள். முதல் டிக் போடவும். மூன்றாவது வேண்டாம். இரண்டாவதைப் பற்றி ஒரு மணி நேரம் வாதாடினோம். மூன்றாவது இல்லாத வரை அதில் ஆபத்து இல்லை என்று அவள் ஜெயித்தாள். சிவப்பு அடிக்கோடு எதற்கும் இல்லை. பட்டியலில் முதல் பெயர் என்னுடையது. பத்தொன்பதாவதாக அவளையும் சேர்த்தேன். கண்டக்டரின் மருமகன் அவருக்குப் புது லேப்டாப் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தாராம், கண்டக்டர் இருபது.

தண்ணீர்த் தொட்டி நிரம்பினால் இப்போது நானே படியில் நின்று குரல் கொடுக்கிறேன்.

ஏப்ரல் 20, திங்கள்

பரீட்சை. வாசல் கதவை ஆறு தடவை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் பள்ளிக்குப் போனேன்.

ஏப்ரல் 21, செவ்வாய்

வக்கீல் பேசினாள். அவள் சொல்லச் சொல்ல இன்னொருவர் எழுதுவார், அப்படித்தான் அவளுக்குப் பரீட்சை. கடைசிப் பதிலைச் சொல்லி முடித்ததும், அவளை அறியாமல், "அவ்வளவுதான். இறங்கறவங்க இறங்கலாம்" என்று சொல்லிவிட்டாளாம். எழுதுகிறவர் பேனாவைப் பிடித்துக்கொண்டு, "இதையும் எழுதணுமா?" என்று கேட்டாராம்.

கண்டக்டருக்கு இதை அப்படியே எழுதி அனுப்பினேன். பதில் வரவில்லை. சாயங்காலம் மகள் போன் செய்தாள். அப்பா அதைப் படித்துவிட்டுத் தோள் குலுங்கக் குலுங்க உட்கார்ந்திருந்தாராம். அழுகிறாரோ என்று பயந்து ஓடிப் பார்த்தால், சிரிப்பாம்.

ஜூலை 4, சனி

வக்கீல் பாஸ். சாட்சியச் சட்டத்தில்தான் அதிக மதிப்பெண்.

குழுவில் இப்போது இருபத்தாறு பேர். பிழை பார்க்கிற வேலையை ஒரு புதுப் பெண்ணிடம் கொடுத்திருக்கிறேன். கெட்டிக்காரி, கறார்ப் பேர்வழி, என்னைவிட மோசம். இன்று காலை முதல் அறிக்கை அனுப்பியிருந்தாள். சாட்சியச் சட்டம்: எல்லா அத்தியாயங்களின் முடிவிலும் தேவையற்ற சொற்கள் உள்ளன, நீக்க அனுமதி தேவை.

அச்செடுத்து, பென்சிலால் அந்த வரியைச் சுற்றி ஒரு வட்டம் போட்டேன். பக்கத்தில் எழுதினேன்: இது மட்டும் இருக்கட்டும்மா.

மாடிக்குக் கொண்டுபோய்க் காட்டினேன். படித்துவிட்டுக் காபி போட எழுந்து போனாள். அவள் மேஜையில் விலாசக் கணினியின் திரை திறந்திருந்தது. சாட்சியச் சட்டம், புதிதாகச் சேர்ந்த மூன்று பேருக்குப் போய்க்கொண்டிருக்கிறது. மற்றவர்கள் கணினியை மூடிவிட்டிருக்க வேண்டும், கொடுப்பவர் என்ற இடத்தில் ஒரே பெயர்தான் இருந்தது, கண்டக்டர்.